ஆறு புள்ளியும் குத்தினால்

...சிப் காலியாக இல்லை, தொடரவா என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது, கேள்விக்குக் கீழே ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி, அறிவுமதி அம்புக்குறியை ஆம் என்பதன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியாக இல்லைதான், எப்படிக் காலியாக இருக்கும், அவள் பிறப்பதற்கு முன்னால் பிரான்சில் யாரோ எழுதிய நிரல் அதற்குள் இருக்கிறது, அதை அழிக்காமல் அதன் மேலேயே எழுதப் போகிறேன் என்று சிப்பில் எழுதும் இந்தச் சின்ன பர்னருக்கு எப்படிப் புரியவைப்பது... மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் காலிச் சிப்பில் எழுதத்தான் கற்றுக்கொடுத்தார்கள். எழுதிய சிப்பின் மேல் எழுதலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவளாக யோசித்துக் கண்டுபிடித்தது, அதுதான் பயமாக இருக்கிறது, அவளாக யோசித்ததில் எது இதுவரை சரியாக வந்திருக்கிறது? பகலில் தவளக்குப்பம் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவள், கம்ப்யூட்டர் கூட்டிய பில்லை மறுபடி கையால் கூட்டிப் பார்க்கிறவள், முதலாளி சிரிப்பார், கம்ப்யூட்டர் மேலயே சந்தேகமாம்மா உனக்கு என்று. கம்ப்யூட்டர் மேல் இல்லை. அதைத் தட்டிய விரல் மேல்.

“இன்னா அறிவு, சத்தமே காணோம்,” என்றாள் ஃபானி. யோசிக்கிறேன் என்றாள் இவள். “நீ யோசிக்கிற சத்தம் நல்லா கேக்குது. அமுக்குற சத்தந்தான் கேக்கல.” ஃபானி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் பலகை, பலகையில் பிரெயில் எழுதும் ஸ்லேட், கையில் குத்தூசி, பாடங்களின் மேல் ஒட்டுவதற்கான அட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தாள், டிக் டிக் டிக் என்று ஒரு சீரான சத்தம், கீழே வில்லியனூர் ரோட்டில் போகிற பஸ் ஹாரனுக்கெல்லாம் அது நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்வை இல்லாதவள். இந்த மூலக்குளத்து மாடி அறைதான் அவளுடைய அச்சகம். நடு மேசையில் மூடியைக் கழற்றி வைத்த பிரெயில் பிரிண்டர், தடித்த காகிதத்தில் புள்ளிகளைக் குத்தித் தள்ளும் இரும்புப் பெட்டி. தொமினிக் மாமா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது அவரோடு வந்தவர்களெல்லாம் டிவியும் ஃபிரிட்ஜும் கொண்டுவந்தார்களாம், அவர் தங்கை மகள் ஃபானிக்காக, அங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று தள்ளிய இந்தப் பெட்டியைக் கப்பலேற்றினார். அது போன மாதம் ஒரு பக்கத்தின் நடுவில் மூன்று முறை பீப் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. அன்றிலிருந்து எப்போது சுவிட்சைப் போட்டாலும் அதே மூன்று கத்தல், பிறகு மௌனம். இத்தனை மணி நேரம் ஓடினால் கம்பெனி ஆள் வந்து பார்த்துத் திறந்துவிட வேண்டும் என்று நிரலுக்குள் ஒரு பூட்டு. மாமா பாரீஸிலிருக்கும் சிநேகிதரை அனுப்பி விசாரித்தார். கம்பெனி இருந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறதாம்.

திங்கட்கிழமை பாடம் போய்ச் சேர வேண்டும். பார்வையற்ற பெண்கள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல், பிளஸ் டூ இயற்பியல், இரண்டு பாடம். வரவில்லையென்றால் பரவாயில்லை, இனிமேல் எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துவிடுகிறோம், புள்ளியெல்லாம் எதுக்கு என்று வார்டன் நிர்மலாதேவி தன்மையாகத்தான் சொன்னாராம். ஃபானி அதை அறிவுமதியிடம் சொன்னபோது கோபப்படவில்லை, கண்ண மூடிக்க, நான் ஒரு ஃபார்முலா சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு என்றாள். மேலே ஒரு வர்க்கம், கீழே ஒரு வர்க்கமூலம், அதற்குள் ஒரு கழித்தல்... பாதியிலேயே அறிவுமதிக்கு எது மேலே எது கீழே என்று கலைந்துபோனது. “பாத்தியா, காதுல ஃபார்முலா நிக்காது. வெரல்ல நிக்கும்,” என்றாள் ஃபானி. அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்னால் முடியாதென்று. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நிறைந்த வகுப்பில், விஜயராகவன் சார் இதெல்லாம் பழைய சாமான்மா, சிப்பும் கிடைக்காது என்று, பெட்டியைப் பழுதுபார்க்கக் கேட்டு வந்த ஃபானியைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து நான் பாக்கறேன் சார் என்ற குரல் தன்னுடையதுதான் என்பதை எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவளே தெரிந்துகொண்டாள். சார் சொன்னது சரிதான், சிப் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வரவழைத்த இரண்டும் யாரோ எழுதித் தூக்கிப்போட்டவை. இது ஒன்றுதான். இது கெட்டால் பெட்டி வெறும் இரும்பு.

நாப்... அந்த வார்த்தையை முதலில் கேட்ட மாலை நினைவுக்கு வருகிறது, சார் பலகையில் எழுதிவிட்டு, இந்தக் கட்டளைக்கு அர்த்தம் ஒண்ணும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ என்றார், வகுப்பே சிரித்தது, எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இதான் சார் என்றான் ஒருவன். அவள் சிரிக்கவில்லை, அவளுக்கு அது உறுத்தியது. ஒன்றும் செய்யாததற்கு எதற்கு ஒரு கட்டளை? ஒன்றும் செய்ய வேண்டாமென்றால் எழுதாமல் விட்டுவிட வேண்டியதுதானே? பில்லில் விலை பூஜ்யமென்று யாராவது ஒரு வரி அடிப்பார்களா? அடுத்த வாரம் சின்னத் திரையில் தன் பெயரை எழுதும் பயிற்சி, கொடுத்த நிரலில் நடுநடுவே நாப் இருந்தது, சுத்தமாக இருக்கட்டும் என்று அத்தனையையும் நீக்கிவிட்டுத்தான் ஓட்டினாள். திரையில் அவள் பெயர் வரவில்லை, ஏதோ ஜப்பான் எழுத்து மாதிரிக் கிறுக்கல் வந்தது. சார் வந்து பார்த்தார். சிப்பு ஓடற வேகத்துக்குத் திரையால ஓட முடியாதும்மா, அது வாங்கி வெச்சிக்கறவரைக்கும் நிக்கணும், நிக்கறதும் வேலைதான் என்றார். நாப்பை எல்லாம் திரும்பப் போட்டாள், அறிவுமதி என்று வந்தது. அன்றிரவு டைரியில் புரிந்தது என்ற தலைப்பின் கீழே அதை எழுதி, கொஞ்சம் யோசித்து, புரிந்தது என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

இந்தப் பெட்டியின் நிரலிலும் நாப் இருந்தது. வகுப்பில் சிப்பிலிருந்து படியெடுத்து வாரக்கணக்கில் வரி வரியாகப் படித்தாளே, ஊசி குத்திவிட்டுப் பின்வாங்குவதற்குள் அடுத்த குத்து விழுந்துவிடாதபடி ஒரு வரிசைப் பூஜ்யம், பூஜ்யம்தானே நாப்பின் எண், அது எதற்கென்று உடனே புரிந்தது, ஊசிக்கு மூச்சு விட நேரம். வேறொரு இடத்தில், எதுவும் எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில், சேர்ந்தாற்போல் மூன்று பூஜ்யம். அது ஏன் என்று புரியவில்லை. அதையும் டைரியில் எழுதினாள், புரியாதது என்ற தலைப்பில். பூட்டைக் கண்டுபிடித்தாள், ஓடிய மணி கணக்கைத் தாண்டினால் கத்தும் இடத்துக்குத் தாவு என்று ஒரு கட்டளை, அந்தத் தாவல் மட்டும் இல்லையென்றால்... ஆனால் எப்படி இல்லாமலாக்குவது? புதுச் சிப் என்பது எல்லாக் கட்டத்திலும் ஒன்று நிரம்பியது, எழுதுவது என்பது வேண்டாத ஒன்றுகளைச் சுட்டுப் பூஜ்யமாக்குவது, சுட்டது சுட்டதுதான், பூஜ்யம் திரும்ப ஒன்றாகாது. அப்படியென்றால் எழுதிய கட்டளையை இனி யாராலும் திருத்த முடியாது என்றுதான் அவளும் நினைத்தாள். கடை முடிந்து வரும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைத்தாள், ஒன்று பூஜ்யமாகும், பூஜ்யம் ஒன்றாகாது, ஒன்று பூஜ்யமாகும்... எந்தக் கட்டளையும் ஒன்றும் பூஜ்யமும் கலந்ததுதானே, மிச்சமிருக்கும் ஒன்றுகளையும் சுட்டுவிட்டால் எல்லாமே பூஜ்யம், எல்லாமே பூஜ்யமென்றால் அது என்ன கட்டளை... தலையை நிமிர்த்தினாள். கட்டளைப் பட்டியலின் முதல் வரி. நாப். எழுதியதை வேறொன்றாக மாற்ற முடியாது, ஆனால் எதையும், எந்தக் கட்டளையையும், எப்போது வேண்டுமானாலும், ஒன்றும் செய்யாதே என்று ஆக்கிவிட முடியும். எல்லா எண்களும் கையில் இருந்தபோது ஒன்றும் செய்யாததற்குப் பூஜ்யத்தை எடுத்துக் கொடுத்தது யார்? அது தற்செயலா, இல்லை, பின்னால் வரும் யாரோ ஒருவருக்குத் தப்பு நேரும், திருத்த வழியிருக்காது, அப்போது இந்த ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்று நினைத்தார்களா? கூட்டம் நிறைந்த டவுன் பஸ்ஸில் அவளுக்கு ரோமம் சிலிர்த்தது, கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார், இறங்க வேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது.

“ஏம்மா, பொட்டி சாவுறதுக்கு முன்ன அவஸ்தை பூச சாமியார வரச் சொல்லட்டா?” தொமினிக் மாமா வாசலில் நின்றிருந்தார், லுங்கியும் பழைய ராணுவ பனியனும், பெட்டியைப் பார்த்த பார்வையில் மட்டும் விளையாட்டு இல்லை. “மாமா, நீ போ, அவ கை நடுங்குது,” என்றாள் ஃபானி. நான் நடுங்குவது அவளுக்கு எப்படித் தெரியும்? “பர்னர் ஒயரு மேசையில டகடகன்னு ஆடுது, காது இருக்கில்ல எனக்கு.” மாமா போகவில்லை. நல்லதுதான், அவர் போனால் இன்னும் பயம். சார் ஒரு சாயங்காலத்துக்கு நம்பிக் கொடுத்த பர்னர், அதன் பிடிக்குள் சிப், திரையில் கேள்வி. தாவு என்ற கட்டளை எந்த எண்ணில் இருக்கிறது என்று மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தாவு என்ற இடத்தில் பூஜ்யம். மற்றதெல்லாம் இருந்தபடி. ஆம்.

ஒன்றுமே ஆகவில்லை போலிருந்தது, ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது, முடிந்தது என்றது. சிப்பை எடுத்துப் பெட்டியில் பொருத்தி, கால்கள் எல்லாம் குழிக்குள் இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, சுவிட்சைப் போட்டாள். கத்தவில்லை. மூன்று கத்தல் இல்லை. ஃபானியின் குத்தூசி அந்தரத்தில் நின்றது, மாமா “அலோர்...” என்று பிரெஞ்சில் இழுத்தார், அறிவுமதி பாடத்தை அனுப்பினாள், பெட்டி உறுமி, கடகடவென்று ஒரு வரி குத்தியது, குத்திவிட்டு ஒரு முழத்துக்குக் காகிதத்தைத் தள்ளியது, இன்னொரு வரி, இன்னொரு முழம், இன்னொரு முழம்... காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையில் பாம்பு மாதிரிச் சுருண்டது, அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். ஃபானி குனிந்து ஒரு தாளை எடுத்துத் தடவினாள், வரி சரியாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்துக்கு ஒரே வரி. “இப்பிடி போனா ஒரு பாடத்துக்கு மூலக்குளத்துலேர்ந்து வில்லியனூர் வரைக்கும் பேப்பர் வேணும்,” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். பிறகு அவர் மெதுவாக, பரவால்லம்மா, பழசுதானே என்றார், அந்தப் பரவாயில்லை அவளைக் குத்தியது. சுட்டது சுட்டதுதான். பழைய மாதிரி கத்தவைக்கக்கூட இனி முடியாது. ஒரே ஒரு கட்டளையைத்தானே தொட்டேன், பூட்டுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? அவளாகக் கண்டுபிடித்தது. பஸ்ஸில் ரோமம் சிலிர்த்ததாம். பில்லை இரண்டு முறை கூட்டுகிறவள் எதை இரண்டு முறை பார்க்காமல் விட்டாள்?

ஃபானி திரும்பப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அட்டையைக் குத்த ஆரம்பித்தாள், டிக் டிக், டிக், டிக் டிக் டிக்... பாடம் வருமா வராதா என்று தெரியாமலே அதற்கான அட்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இவள் நிரலை வெறித்தாள், எண்கள் எண்களாகவே நின்றன. திடீரென்று சத்தம் மாறியது, டிகடிகடிகடிகடிகடிக் என்று ஒரே இடத்தில் படபடவென்று, பிறகு மறுபடி பழைய சீர். என்ன அது என்று கேட்டாள், சும்மாதான் கேட்டாள், கேட்காமல் இருந்தால் அழுதுவிடுவோம் போலிருந்தது. “தப்பா குத்திட்டேன். குத்தின புள்ளிய எடுக்க முடியுமா? அதனால மிச்ச புள்ளியயும் குத்திடுவோம். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிதானே, ஆறும் குத்திட்டா அது எழுத்து இல்ல. வெரலு தாண்டிப் போயிடும்.” அறிவுமதி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். குத்தியதை எடுக்க முடியாது, அதனால் மிச்சத்தையும் குத்திவிடு... யார் சொன்னது உனக்கு? “யாரு சொல்லணும், பள்ளிக்கூடத்துல எல்லாரும் அப்பிடித்தான். ஆனா மாமா இருக்காரே, எனக்காக பிரெயில் கத்துக்கிட்டவரு, ஃப்ரெஞ்சுலதான் கத்துக்கிட்டாரு. ஃப்ரெஞ்சுல ஆறு புள்ளியும் சேந்தா அது ஒரு எழுத்து, ‘ஏ’ன்னு. நான் தப்பு பண்ண இடத்துலலாம் நின்னு ஏ, ஏன்னு படிப்பாரு.” மாமா வாசலிலிருந்து, “நீ ஒழுங்கா எழுதினா நான் ஏன் கூவறேன்,” என்றார்.

ஒரே ஆறு புள்ளி. ஃபானியின் விரலுக்கு ஒன்றுமில்லை. மாமாவின் கண்ணுக்கு ஒரு எழுத்து. படிக்கிறவர் எங்கிருந்து படிக்கிறார் என்பதைப் பொறுத்து... அறிவுமதியின் முதுகு நிமிர்ந்தது. தாவு என்பது ஒரு எண்ணில் முடிகிற கட்டளை இல்லை. சில கட்டளை ஓரெண், சில இரண்டு, சில மூன்று, சார் முதல் வாரமே சொன்னது. தாவு என்பது ஒரு எண், எவ்வளவு தூரம் என்பது அதற்கடுத்த எண். தாவு என்பதை அவள் அழித்தாள். தூரத்தை விட்டுவிட்டாள். முன்னால் தாவு என்று ஒருவர் நிற்கும்வரை அது வெறும் தூரம், அவர் போனபிறகு சிப் அதன்மேல் வந்து நிற்கிறது, அதுவும் ஒரு கட்டளை என்று எடுத்துப் படிக்கிறது... அந்த எண்ணைப் பட்டியலில் தேடினாள், விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். கூட்டு. அந்த எண்ணுக்கு நேரே கூட்டு என்று இருந்தது. கையில் இருப்பதோடு இன்னொன்றைக் கூட்டு. கையில் இருந்தது காகிதம் எத்தனை அடி நகர வேண்டும் என்ற கணக்கு. சொன்னதைத்தான் செய்திருக்கிறது பெட்டி, பாவம், ஒவ்வொரு வரிக்கும் கூட்டிக் கூட்டித் தள்ளியிருக்கிறது, நான்தான் ஒரு தூரத்தைப் பாதியில் அநாதையாக விட்டுவிட்டு அதன் மேல் பழி போட்டேன். ஆனால் அதுவும் ஒன்றும் பூஜ்யமும் கலந்த எண்தானே. அதிலும் மிச்சம் ஒன்றுகள் இருக்கின்றனவே. இந்தத் தப்பையும் அதே வழியில்... அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. இத்தனை கருணையோடு ஒரு எண்ணை யாரால் வைக்க முடிந்தது?

சிப் காலியாக இல்லை, தொடரவா? இந்த முறை விரல் மடிக்குப் போகவில்லை.

பெட்டி உறுமியது, ஒரு வரி, அதற்குக் கீழேயே அடுத்த வரி, அதற்குக் கீழேயே அடுத்தது, நெல் கொட்டுகிற மாதிரிச் சத்தம், மேசை அதிர்ந்தது, கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது, மாமா ஏதோ பிரெஞ்சில் சொன்னார், வேண்டுதலா வசவா தெரியவில்லை, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே போனார். ஃபானி சூடு ஆறாத முதல் பக்கத்தைக் கிழித்து மடியில் வைத்தாள், இரண்டு கைகளும் அதன்மேல் ஓடின, ஒரு ஃபார்முலாவில் இடது கை நின்று காவல் காக்க வலது கை மேலேறி, உள்ளே போய், வெளியே வந்தது. “வர்க்கமூலம் எங்க முடியணுமோ அங்க மூடியிருக்கு,” என்றாள். முகம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு, ஹாஸ்டலுக்கு நானே போன் பண்றேன் என்றாள், ஒரு நிமிஷம் கழித்து, இல்ல, மொத்தமும் வரட்டும், அப்பறம் பண்றேன் என்றாள். ஃபானியும் தன்னைப் போல மறுபடி பார்க்கிறவள்தான், அறிவுமதிக்கு அது ஆறுதலாக இருந்தது.

பக்கங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் சும்மா உட்கார்ந்து நிரலைப் பார்த்தாள், தன்னுடைய இரண்டு பூஜ்யங்களைப் பார்த்தாள், பூட்டு இருந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. பின்னால் யாராவது இதைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள், எதற்கோ காத்திருக்கிறது என்று நினைப்பார்களா, இங்கே ஒருத்தி பயந்துகொண்டே அமுக்கினாள், முதல் முறை தப்பாக அமுக்கினாள் என்று பூஜ்யம் சொல்லுமா? சொல்லாது. எந்தப் பூஜ்யமும் தான் முன்னால் என்னவாக இருந்தோம் என்று சொல்லாது... திரையை மேலே நகர்த்திய கை அப்படியே நின்றது. அந்த மூன்று பூஜ்யம். எதற்கும் காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில், சேர்ந்தாற்போல். வாரக்கணக்காகப் புரியாதது என்ற தலைப்பின் கீழ் இருக்கும் அந்த மூன்று. சில கட்டளை ஓரெண், சில இரண்டு, சில மூன்று. மூன்று என்பது ஒரு முழுக் கட்டளையின் நீளம்... அப்படியானால் பிரான்சில் இதை எழுதியவரும்? இந்தப் பெட்டியைச் செய்து முடித்துவிட்டு, சிப்பையும் சுட்டுவிட்டு, ஒரு மாலையில் ஒரு கட்டளை தப்பென்று தெரிந்து, எங்கோ ஒரு மேசைமுன் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தாரா? இல்லை, அது அவர் எதற்கோ விட்டுவைத்த வெறும் இடம்தானா? கேட்க ஆளில்லை. ஜன்னலோரம் ஃபானி தன் அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்து அந்த ஆறு புள்ளிக்கு வந்தது, தாண்டிப் போயிடும் என்று அவள் சொன்ன இடம், அறிவுமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்... தாண்டித்தான் போனது, ஆனால் தாண்டுவதற்கு முன்னால், மிகக் கொஞ்ச நேரம், அது அங்கே நின்றது.